சீட்டில் விழுந்த பக்கம்

...இல்லை, அப்பிடிச் சொல்ல ஏலாது, "நானா, நான் எழுதினது பிழை" எண்டு நேராப் போய்ச் சொன்னா முப்பத்திரண்டு வருசம் அரசாங்கக் கச்சேரியிலை புள்ளிவிபரப் பகுதியிலை கதிரை தேய்ச்சதுக்கு என்ன மரியாதை, லீலாதேவி பிழை விட்டவ எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை, சொல்ல வந்த ஒண்டிரண்டு பேரும் திரும்ப ஒருக்கா எண்ணிப் பாத்திட்டுப் பேசாமல் போயிருக்கினம், அதுக்காக அந்த மனுசன் கடையை இழுத்துப் பூட்டிப்போட்டு வீட்டிலை குந்தட்டும் எண்டு விடேலுமோ, விடேலாது, அதுக்குத்தானே சனிக்கிழமையும் அதுவுமா இந்த மாத்தளை பஸ்ஸிலை ஏறினது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இஞ்சாலை கால் மணித்தியாலமா அசையாமல் நிக்குது, பக்கத்திலை இருக்கிற மனுசி தோடம்பழம் உரிச்சு உரிச்சு முழங்கையாலை எனக்கு இடிக்கிறா, நானோ சொல்லப்போறதைச் சொல்லிச் சொல்லிப் பாக்கிறன், ஒண்டும் வாய்க்குச் சரிவருதில்லை... வெளிக்கிடேக்குள்ளை இவர், என்ர மனுசன் தேவராசா, பேப்பருக்குப் பின்னாலை இருந்து, "போனிலை சண்டை பிடிச்சது காணாதெண்டு இப்ப பஸ் ஏறிப் போய்ப் பிடிக்கப் போறீரோ" எண்டார், சண்டை பிடிக்கேல்லையப்பா, சண்டையை நிப்பாட்டப் போறன் எண்டன், அதுக்கு அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அறுவான், நாப்பது வருசமா அதே சிரிப்பு.

இப்ஹாம் நானாவை, முஸ்லிம் ஆக்கள் அண்ணனை நானா எண்டுதான் கூப்பிடுறது, நான் ஒரு நாளும் நேரிலை கண்டதில்லை, ஒன்பது வருசமா வெள்ளிக்கு வெள்ளி வாய்க்கு வாய் குடுத்தும் கண்டதில்லை, கண்டியிலை இருந்து அக்குறணை என்ன அமெரிக்காவோ, ஏழெட்டு மைல், ஆனா போகத் தோன்றினதில்லை, பேஸ்புக்கிலை "வெள்ளி வாதம்" எண்டு ஒரு குழு, அவர் தொடங்கினது, நாலாயிரம் பேர் இருக்கினம், ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிஞ்சு ரெண்டு மணிக்கு ஒரு தலைப்பு, ரெண்டு பேர், அநேகமா அவரும் நானும், மோதிறது, மற்ற ஆக்கள் இதயம் போட்டுத் தீர்ப்புச் சொல்லுறது, ஆர் எந்தப் பக்கம் கதைக்கிறதெண்டு சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறது, அதுதான் குழுவின்ர முதல் சட்டம், உன்ர மனதிலை என்ன இருக்கெண்டு ஒருத்தருக்கும் கவலையில்லை, விழுந்த பக்கத்துக்கு நீ வாதாடு. அவர்தான் தன்ர ஹாட்வெயார் கடை மேசையிலை ஒரு ஆணி டின்னை வச்சு அதுக்குள்ளை அவற்ர மனுசி அஸீமா எங்கட பேர் எழுதிச் சுருட்டிக் குடுத்த ரெண்டு கடதாசித் துண்டைப் போட்டு, ஒண்டை அவவே எடுக்கிறதை வீடியோப் பிடிச்சுப் போடுவார், எடுக்கிற பேர் "ஆம்" பக்கம், மற்ற ஆள் "இல்லை" பக்கம். அஸீமாவின்ர முகம் ஒரு நாளும் தெரியாது, ஒரு கை மட்டும் வரும், மெல்லிய ரெண்டு காப்புப் போட்ட கை, டின்னுக்குள்ளை போய் ஒரு துண்டோடை வெளியிலை வரும், அவ்வளவுதான். அந்தக் கையிலை எங்களுக்கு அப்பிடி ஒரு நம்பிக்கை. ரெண்டாவது சட்டம், எழுதினதை அழிக்கக் கூடாது. அந்தச் சட்டம் போடச் சொன்னது நான்தான், இப்ப அதாலை நானே மாட்டிக்கொண்டு நிக்கிறன்.

பஸ் ஒரு முழம் நகந்து நிண்டிட்டுது... எத்தினை சண்டை, நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது, செயற்கை நுண்ணறிவு வந்தா அரசாங்க ஊழியருக்கு வேலை போகுமோ எண்டு ஒரு கிழமை, எனக்கு "போகாது" விழுந்தது, வேலை செய்யிற மிசினைக் கண்டுபிடிச்சிட்டாங்கள், "ஐயா இப்பதான் வெளியிலை போனவர், நாளைக்கு வாங்கோ" எண்டு சொல்லுற மிசினை இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை எண்டு எழுதினன், என்னோடை வேலை செய்ததுகள் எல்லாம் வந்து இதயம் போட்டுதுகள். இன்னொருக்கா டொலர் இறங்கியும் தேங்காய் ஏன் இறங்கேல்லை எண்ட தலைப்பு, அதுக்கு அவர், இருக்குது எண்டுறதை ஈக்கிது எண்டுற தங்கட ஊர்ப் பேச்சிலை, "அக்கா, டொலர் பேங்குல ஈக்கிது, தேங்கா மரத்துல ஈக்கிது, அது எறங்கணுமெண்டா மொதல்ல கொரங்கு மனசு வெக்கணும்" எண்டார். வீட்டு வளவிலை நிக்கிற குரங்கை அஞ்சு நிமிசத்துக்கை எண்ணிக் குடுங்கோ எண்டு அரசாங்கம் கேட்ட நேரம் நான் கணக்கெடுப்பு எவ்வளவு முக்கியம் எண்டு பெரிய கட்டுரையே எழுதினன், நானா கீழை வந்து ரெண்டு வரி, "எங்கட வீட்டுல எண்ணின கொரங்கு மதில் பாஞ்சி பக்கத்து வீட்டுக்குப் போச்சி, அவங்களும் எண்ணின, இப்ப அரசாங்கத்துக்கு ரெண்டு கொரங்கு, தேங்கா போனது எனக்கு மட்டும்." அந்த ரெண்டு வரியோடை என்ர கட்டுரை படுத்திட்டுது. தேர்தல் வாக்குறுதிக்கும் கெரண்டிக் காட் வேணும் எண்டு அவர் வாதாடின நாள், நான் விக்கிற பல்புக்கே ஒரு வருசம் குடுக்கிறேனே, அஞ்சு வருசத்துக்கு எடுக்கிற மனிசனுக்கு இல்லியா எண்டார், கெரண்டி கேக்கிறதுக்கு பல்பு ஒருக்காவது எரிஞ்சிருக்க வேணும் நானா எண்டு நான் போட்டன், அண்டைக்கு நான் வென்றன், முன்னூற்றிப் பத்துக்கு இருநூற்றி எண்பத்தெட்டு. எனக்கு எண்ணிக்கை மறக்காது, அது ஒரு வருத்தம்.

எல்லாம் நல்லாத்தானே போச்சு, பிறகு எங்கையிருந்து வந்தது இந்தக் கோதாரி விழுந்த தலைப்பு, "இந்தக் காலத்தில் கதவில்லாமல் கடை நடத்தலாமா", குடுத்தது பிலிமத்தலாவையிலை மருந்துக்கடை வச்சிருக்கிற ரவிகுமார், அவருக்குச் சும்மா பகிடி, "இல்லாமலே நடத்தலாம், எல்லாம் போனிலை விக்கலாம்" எண்டுறது ஆம் பக்கம், சீட்டு எடுத்தா என்ர பேர். மெய்யாச் சொல்லுறன், என்ர மனம் முழுக்க மற்றப் பக்கம், நான் போனிலை வாங்கினது வாழ்க்கையிலை ஒரே ஒரு பிளவுஸ், அது வந்து சேர்ந்தா பொம்மைக்கும் காணாது, பொத்தான் ஒண்டு வேணுமெண்டாலும் கண்டி ரவுணிலை நாலு கடை ஏறி இறங்கி, கையிலை வச்சுப் பாத்து, விலை கேட்டு, வேண்டாமெண்டு திரும்பி வாறதிலைதான் எனக்குச் சந்தோசம். ஆனா சீட்டு விழுந்தாச்சே, விழுந்தா நான் விடுவனோ. எழுதினன், இப்ஹாம் நானாவின்ர கடைக்குப் பத்துப் பேர் வந்தா மூண்டு பேர் ஆணி வாங்க, மிச்ச ஏழு பேரும் மழை விடும் வரைக்கும் நிக்க எண்டு. அவர், சாமான்ட பேர் தெரியாம ஒடைஞ்ச துண்ட கையில கொண்டு வார மனிசனுக்குக் கடைதான் அக்கா வேணும் எண்டார், படம் எடுத்து அனுப்பினாக் காணும், கடைக்காரருக்கும் பேர் தெரியாது எண்டன். கதவு இல்லாட்டி யார் வந்து எப்பிடி ஈக்கிறீங்க எண்டு கேப்பாங்க எண்டார், பாவம், அதுதான் அவற்ர கடைசி ஆயுதம், அதுக்கு நான், சுகம் விசாரிப்பிக்கிறதுக்கு மாசாமாசம் வாடகை கட்டுற ஒரே மனுசன் நீங்கள்தான் எண்டு போட்டன். அதோடை விட்டிருக்கலாம், விடேல்லையே, கை ஊறிக்கொண்டிருந்தது, கடை திறந்திருக்கிறது சனத்துக்காக இல்லை, முதலாளிக்கு வீட்டிலை இருக்க விருப்பமில்லை, அவ்வளவுதான் எண்டு ஒரு வரி எழுதி அனுப்பினன். நாநூற்றிப் பன்னிரண்டுக்குத் தொண்ணூற்றாறு. அப்பிடி ஒரு வெற்றி எனக்கு அதுக்கு முதல் கிடைச்சதில்லை, இவருக்கு ரெண்டாந் தரம் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன் அண்டைக்கு.

தோத்த ஆள் தோல்விக் கடிதம் எழுத வேணும், அதுவும் எங்கட வழக்கம், அவர் எழுதினா விழுந்து விழுந்து சிரிக்கலாம், "மாட்சிமை தங்கிய புள்ளிவிபர மகாராணியாருக்கு அக்குறணை ஆணிக்கடை அடியேன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது" எண்டு தொடங்குவார், இந்த முறை மகாராணியும் இல்லை அடியேனும் இல்லை, "லீலா அக்கா சொன்னது சரி. யோசிச்சுப் பார்த்தேன். இந்த மாசக் கடைசியோட கடையை ஒப்படைக்கிறேன். இனி வீட்டிலிருந்துதான் வியாபாரம்." அவ்வளவுதான். நாலாயிரம் பேரும் அதைப் பகிடி எண்டுதான் எடுத்தது, முன்னூறு சிரிக்கிற முகம், நானும் ஒண்டு போட்டன், போட்டுக் கீழை "மகாராணி மன்னித்தோம்" எண்டு வேறை எழுதினன், விசரி. வியாழக்கிழமை பாத்தா விக்கிற வாங்கிற பக்கத்திலை ஒரு படம், சாமான் அடுக்கிற இரும்பு ராக்கை ஆறு, பெயின்ற் கலக்கிற மிசின் ஒண்டு, அவற்ர போன் நம்பர். நானா இது பகிடியோ எண்டு கேட்டு அனுப்பினன், கனநேரத்துக்குப் பிறகு ஒரு வரி வந்தது, "இல்ல அக்கா, நீங்க செல்லிட்டீங்க தானே." ஒன்பது வருசத்திலை நான் சொன்னதை அந்த மனுசன் ஒரு நாளாவது கேட்டதோ, காஸ் அடுப்பு வாங்காதேங்கோ எண்டன் வாங்கினார், கொரோனா ஊசி போடுங்கோ எண்டதுக்கு மூண்டு மாசம் இழுத்தார், நான் நம்பாமல் சொன்ன ஒண்டே ஒண்டை, இதைப் போய் ஏன் கேட்டவர்?

பாலம் தாண்டியாச்சு, இனிக் கெதியாப் போயிடும்... பென்சன் எடுத்து வந்த முதல் வருசம் ஒரு நாய் கூட என்னட்டை ஒரு எண்ணிக்கை கேக்கேல்லை, அது வரைக்கும் மாவட்டத்திலை எத்தினை ஆடு எத்தினை ஏக்கர் நெல்லு எண்டு மேலை இருந்து கீழை வரைக்கும் என்னைத்தான் கேப்பினம், பிறகு ஒருத்தரும் இல்லை, அந்த நேரம்தான் இந்தக் குழு அம்பிட்டது, வெள்ளிக்கிழமை எண்டா எனக்கு விடியவே ஒரு துடிப்பு, தலை முழுகி, சமையலைப் பத்தரைக்கே முடிச்சுப்போட்டு ரெண்டு மணிக்குக் காத்துக்கொண்டிருப்பன். பித்தப்பையிலை கல்லெண்டு எனக்கு ஒப்பரேசன் செய்தாங்கள் ஒருக்கா, மூண்டு கிழமை வாதம் நடக்கேல்லை, வேறை ஆளைப் போட்டு நடத்துங்கோ எண்டு சனம் கத்தினது, "எதிராளி படுக்கையில ஈக்கக்குள்ள ஜெயிக்கிறது யாவாரத்துல இல்ல" எண்டு எழுதி அவர் மூடிப்போட்டார், ஆசுப்பத்திரிக் கட்டில்லை படுத்துக்கொண்டு அதை வாசிச்சு அழுதன், தையல் இழுத்து நொந்தது, அப்பவும் அழுதன். சொந்தமில்லை பந்தமில்லை, ஊர் வேறை சமயம் வேறை, ஆனா அந்த மனுசனிலை எனக்கு அப்பிடி ஒரு அன்பு, அதை மறைக்க என்ன இருக்கு, அவருக்கு என்னாலை ஒரு கெடுதல் வந்தா நான் என்னண்டு ரெண்டு மணிக்குப் போனைத் திறக்கிறது?

அக்குறணை ஏழாம் மைல் கட்டையிலை இறங்கி ஒரு பெடியனைக் கேட்கக் கூடத் தேவைப்படேல்லை, கண்ணுக்கு முன்னாலையே கடை, நான் நினைச்சது பெரிய உடம்பு, முன்னாலை தள்ளின வண்டி, சத்தம், இருந்ததோ ஒல்லியா ஒரு கட்டை மனுசன், வெள்ளைத் தாடி, மூக்குக்கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்திலை தொங்கவிட்டுக்கொண்டு குழாய்த் துண்டு எண்ணிக்கொண்டிருந்தார், "நானா, கதவில்லாத கடை இஞ்சையோ" எண்டுதான் வாயிலை வந்தது, அவர் கண்ணாடியைப் போட்டுப் பாத்தார், "லீலா அக்கா" எண்டார், கேள்வியில்லை, சும்மா பேரைச் சொன்னார், பிறகு கதிரையை இழுத்துத் தன்ர சட்டைக் கையாலையே தூசு தட்டினார். ராக்கை அரைவாசி வெறுமை. என்ன அக்கா இவ்வளவு தூரம் எண்டு கேட்டார், சும்மா வந்தனான் எண்டன், பிறகு சும்மா இருக்கேலாமல் அந்த நிமிசமே தொடங்கிட்டன், நானா, யோசிச்சுப் பாத்தன், கடைக்குக் கதவு வேணும்.

அவர் முகத்திலை ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்டன், சண்டை எண்டா அந்தாளுக்கும் சோறு தண்ணி வேண்டாம், ரெண்டு கையையும் மேசையிலை ஊண்டிக்கொண்டு, செல்லுங்க பாப்பம் எண்டார். நான் சொன்னன், கடையெண்டா நாலு பேர் வருவினம் நானா, மனுசர் மனுசரைக் காண வேணும், அவர் கண் வெட்டாமல், சுகம் விசாரிப்பிக்கிறதுக்கு மாசாமாசம் வாடகை கட்டுறதா அக்கா எண்டார், என்ர வரி, எழுத்து மாறாமல், பாடமாக்கி வச்சிருக்கிறார் மனுசன். சரி, மழைக்கு ஒதுங்கிற ஆளும் ஒரு நாள் ஆணி வாங்கும் எண்டன், பத்துக்கு ஏழு எண்டு நீங்கதானே எண்ணிச் செல்லின, கச்சேரிக் கணக்குப் பிழைக்குமா எண்டார். அந்த நேரம் பாத்து ஒரு வயது போன சிங்கள மனுசன் உடைஞ்ச பைப் மூடியைக் கையிலை பொத்திக்கொண்டு வந்து நீட்டினார், எனக்கு உள்ளுக்குள்ளை குத்தாட்டம், பாத்தீங்களோ பாத்தீங்களோ, பேர் தெரியாத சாமான், கையிலை துண்டு, இதுதானே நீங்கள் சொன்னது எண்டு நான் தொடங்க, அந்த மனுசன் சிங்களத்திலை, முதலாளி, நேற்றே இதைப் படம் எடுத்து அனுப்பினனே, நீங்கள் பாக்கவேயில்லையே எண்டுது. இப்ஹாம் நானா வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சார், கண்ணிலை தண்ணி வரச் சிரிச்சார், நானும் சிரிச்சன், என்ன செய்யிறது, லீலாதேவியை லீலாதேவியாலையே அடிக்கிறார், நான் அண்டைக்கு அவ்வளவு வடிவா எழுதித் துலைச்சிருக்கத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் மோதியும் ஒரு இடத்திலை கூட என்னாலை உள்ளுக்குப் போக ஏலேல்லை, என்ர வாதத்திலை ஓட்டையே இல்லை, எனக்கு அதிலை பெருமையும் வந்தது, அந்த நேரத்திலையும், வெக்கம் கெட்ட மனம்.

பள்ளியிலை பாங்கு சொல்லக் கேட்டு, லுஹர் தொழுதிட்டு வாறேன் அக்கா, போயிராதீங்க எண்டிட்டு அவர் போனார், போன கையோடை மனுசி பிளாஸ்கோடை வந்திட்டா, முகத்தைக் கண்டு நான் அறியேல்லை, பிளாஸ்கைத் திருகின கையைக் கண்டுதான் அறிஞ்சன், அந்த ரெண்டு மெல்லிய காப்பு. அஸீமா எண்டன். எனக்குப் பிளேன் ரீ ஊத்தித் தந்திட்டு, பள்ளிப் பக்கம் எட்டிப் பாத்திட்டு, முன்னாலை வந்து இருந்தா, நீங்க ஏன் வந்த எண்டு எனக்கு வெளங்கின அக்கா எண்டா, நான் மறைக்கேல்லை, அது சீட்டிலை விழுந்த பக்கம் பிள்ளை, நான் மனதாலை எழுதேல்லை, அதை அவருக்கு ஒருக்கா வடிவா விளங்கப்படுத்திப்போட்டுப் போகத்தான் வந்தனான் எண்டன். அவ என்ர கையிலை கை வச்சா. "செல்ல வாணாம் அக்கா" எண்டா. பிறகு மெல்லிசா, ஒரு மூச்சிலை, "சீட்டுல விழல்ல. ரெண்டு துண்டுலயும் ஒங்கட பேரத்தான் நான் எழுதின."

எனக்கு முதலிலை கோவம்தான் வந்தது, பொய் எண்டு சொல்ல மாட்டன், ஒன்பது வருசம் நாலாயிரம் பேர் நம்பின கை, அந்தக் கை... ஏன் எண்டு கேட்டன், கேட்ட குரல் எனக்கே பிடிக்கேல்லை. அவ எழும்பிப் போய்ச் சுவரிலை ஒரு இடத்திலை விரலை வச்சா, மண் நிறத்திலை ஒரு கோடு, அவவின்ர தலைக்கு மேலை, போன வருசத்துப் பெரிய மழைக்குத் தண்ணி இவ்வளவுக்கு வந்திச்சி எண்டா, ஆறு பெருகி ரவுணுக்குள்ளை ஏறிறது இஞ்சை புதிசில்லை, வருசம் ஒருக்கா ரெண்டு தரம், ஒவ்வொரு தரமும் இவர் ஓடி வந்து சாமானை மேல் தட்டுக்கு ஏத்துவாராம், அண்டைக்கு மோட்டர் ரெண்டைத் தூக்கி வச்சுக்கொண்டு நிண்டவர், வெளியிலை தண்ணி முட்டிக் கதவு திறக்கேலாமல் போச்சு, உள்ளுக்கு நெஞ்சளவு, கழுத்தளவு, பின்னாலை கூரைத் தகரத்தை உடைச்சுத்தான் தூக்கி எடுத்தாங்களாம், தூக்கினவங்களுக்கு அவர் சொன்ன முதல் கதை, மோட்டர் நனையல்ல தானே எண்டு. "ஆறு வருசமாச் செல்ற அக்கா, கட போனாப் போகட்டும், நீங்க வாணுமெண்டு, அழுது செல்லின, மகன் கட்டார்ல ஈந்து செல்லின, கேக்கல்ல. ஒங்கட எழுத்த மட்டும் அவரு ரெண்டு தரம் வாசிப்பாரு." அந்த வெள்ளம் எனக்கு ஞாபகம், அடுத்த நாள் அவர் "இண்டைக்கு எங்கட கடையில ஆணி வாங்கினா நீச்சல் இலவசம்" எண்டு போட்டவர், நான் சிரிக்கிற முகம் போட்டு, மீன் இருக்கோ நானா எண்டு கேட்டன். கேட்டனே. அந்த மனுசன் முதல் நாள் கழுத்தளவு தண்ணிக்குள்ளை நிண்டிட்டு வந்து பகிடி எழுதியிருக்கிறார், எண்ணிக்கை எடுக்கிற எனக்கு அதை எண்ணத் தெரியேல்லை. "வீட்டுல ஈக்க விருப்பமில்ல எண்டு நீங்க எழுதின வரிய வாசிச்சிட்டு மூணு நாளு பேசல்ல" எண்டா அஸீமா, "நாலாம் நாளு வந்து, நான் அப்பிடியா ஈக்கிற எண்டு கேட்டாரு, ஓ, அப்பிடித்தான் எண்டு நான் செல்லின." அவ அழேல்லை, மேசையிலை கிடந்த குழாய்த் துண்டுகளை ஒண்டா அடுக்கினா, தராசைத் துணியாலை துடைக்கத் தொடங்கினா.

ரீ ஆறிக்கொண்டு போகுது... கடையைக் காப்பாத்த வந்தவள் நான், காப்பாத்தினா அடுத்த மழைக்கு அந்தாள் திரும்ப ஓடி வந்து மோட்டர் தூக்குவார், நான் உலகத்திலை உள்ள எண்ணிக்கை எல்லாம் போட்டு வாதாடினன், இந்த ஒரு கோட்டை விட்டிட்டன், ரெண்டு பக்கமும் நாங்கள் எழுதினதிலை ஒரு வரியிலை கூடத் தண்ணி இல்லையே, அவரும் எழுதேல்லையே, எழுதியிருந்தா அண்டைக்கே தோத்திருப்பார் எண்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். சரி, அப்ப பேசாமல் போயிடுவமோ, அவர் பாவம், காலமை தொடக்கம் மாலை மட்டும் வீட்டிலை என்ன செய்வார், ஆரோடை கதைப்பார், கதவு இல்லாட்டி யார் வந்து எப்பிடி ஈக்கிறீங்க எண்டு கேப்பாங்க எண்டது பகிடியில்லை, அது அவற்ர பயம், அதைத்தான் நான் வாடகைக் கணக்கிலை அடிச்சு நொருக்கினது, இப்ப மனுசியின்ர பயம் ஒரு பக்கம், மனுசன்ர பயம் மற்றப் பக்கம், சீட்டு எடுத்துத் தர ஒரு கையும் இல்லை.

அவர் வந்தார், கை ஈரம், சட்டைக் கை முழங்கை மட்டும் சுருட்டினபடி, நேர வந்து எனக்கு முன்னாலை இருந்தார், மோதிற முகம் இல்லை, அது இந்தக் கால் மணித்தியாலத்துக்குள்ளை எங்கையோ கழண்டு போய், நான் அறியாத ஒரு முகம். "அக்கா, ஒண்டு கேக்கவா, பகிடி இல்ல" எண்டார், "நீங்க அண்டைக்கி எழுதினது சீட்டுக்காக எழுதினதா, இல்லாட்டி மனசால எழுதினதா? மனசால எண்டா நான் கடயக் குடுக்கிற. சீட்டுக்கு எண்டா..." தராசைத் துடைச்ச கை நிண்டிட்டுது. கண்டியிலை இருந்து இந்தக் கேள்விக்குத்தானே நான் மறுமொழி சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான், சீட்டுக்குத்தான் நானா எண்டு ஒரு சொல்லு, அதைச் சொன்னா இந்த மனுசன் துள்ளி எழும்பி ராக்கையை நிரப்பத் தொடங்குவார், எனக்குத் தெரியும், அவற்ர கண் அதைத்தான் கேக்குது, கையேந்திக் கேக்குது. முப்பத்திரண்டு வருசம் ஒரு கோழியைக் கூடக் கூட்டி எழுதாத ஆள் நான். "மனதாலைதான் நானா" எண்டன்.

அவர் என்ர முகத்தைப் பாத்துக் கண்ணாடியைக் கழட்டினார், அது நூலிலை தொங்கினது, "அப்ப சரி" எண்டார், அவ்வளவுதான், பிறகு சாப்பிட்டுத்தான் போக வேணும் எண்டு ரெண்டு பேரும் மறிச்சினம், இன்னொரு நாளைக்கு வாறன், இவர் பாத்துக்கொண்டிருப்பார் எண்டன், மெய்யாச் சொன்னா அங்கை ஒரு வாய் சோறு என்னாலை விழுங்கியிருக்கேலாது. றோட்டுக்கு அங்காலைதான் கண்டி பஸ் நிக்கும், அவர் கூட வந்தார், ஒரு கையை உயத்திக்கொண்டு லொறி வான் எல்லாத்தையும் மறிச்சு, மற்றக் கையாலை என்னை முன்னுக்கு விட்டு, நடு றோட்டிலை நிண்டு ஹோர்ன் அடிக்கிறவனைப் பாத்து முறைச்சார், பஸ் வந்ததும் கொண்டக்டரிட்டைச் சிங்களத்திலை, எங்கட அக்கா, சீற் எடுத்துக் குடு எண்டார். ஏறி இருந்து யன்னலாலை பாக்கிறன், அந்தக் கட்டை மனுசன் இன்னும் நிக்கிறார், சிரிச்சுக்கொண்டு நிக்கிறார், தோத்த ஆளின்ர சிரிப்பும் இல்லை, வென்ற ஆளின்ர சிரிப்பும் இல்லை... ஒன்பது வருசத்திலை நான் சொன்ன எதுக்கும் அந்த மனுசன் மறுகதை சொல்லாமல் விட்டதில்லை, நேரம் என்ன எண்டு சொன்னாக் கூட உங்கட மணிக்கூடு பிழை எண்டு சொல்லுற ஆள், என்ர எழுத்திலை இருக்கிற மூச்சைக் கூட எண்ணி வச்சிருக்கிறவர், முகத்துக்கு நேர நான் சொன்ன ஒரே ஒரு பொய்யை மட்டும் ஏன் விட்டவர், பிடிபடாமல் விட்டாரோ, பிடிச்சுக்கொண்டுதான் விட்டாரோ, கொண்டக்டர் வந்து கண்டிக்கோ அம்மா எண்டு ரெண்டு தரம் கேட்டிட்டான், நான் ஓம் எண்டன்.